சிலம்பும் பரலும்: தமிழ்ப் பருவ இதழ்க் கட்டுரைகளை நூலடைவிற் சுட்டும் மரபின் வரலாறு

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டுவோர், சொற்பொருளுக்குச் சான்றாக 'செந்.' என்னும் சுருக்கம் நிற்பதைக் காண்பர். அதனை அடுத்துச் சிறிய உரோமன் எழுத்தில் ஓர் எண்ணும், அதன்பின் மற்றோர் எண்ணும் வரும். முன்னது மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் திங்களிதழாகிய செந்தமிழின் தொகுதி, பின்னது பக்கம். கட்டுரையின் தலைப்பு இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. 1902இல் தொடங்கிய செந்தமிழுக்கு ரா. இராகவையங்கார் முதல் ஆசிரியராகவும், அவருக்குப்பின் மு. இராகவையங்கார் ஆசிரியராகவும் இருந்தனர். பின்னவரே லெக்சிகன் பணியில் தலைமைத் தமிழ்ப் பண்டிதராகவும் விளங்கினார். தாம் பதிப்பித்த இதழைத் தம் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்த அறிஞர்க்குத் தொகுதியும் பக்கமும் போதும். அக்காலத்து வாசகருள்ளும் பெரும்பாலோர் கட்டடம் செய்த செந்தமிழ்த் தொகுதிகளை அலமாரியில் வைத்திருந்தவர்களே.

இன்று சொல் வரலாறு எழுதப் புகும் மொழியியலார்க்கு அக்குறிப்பு அரைவாசி மட்டுமே பேசுகிறது. செந்தமிழின் ஒரு பக்கத்தில் காணும் சொல் கட்டுரையாளரின் 20ஆம் நூற்றாண்டு உரைநடைக்கு உரியதாயிருக்கலாம். அவர் எடுத்துக்காட்டிய பழம்பாட்டுக்கு உரியதாயிருக்கலாம். முன்னர் அச்சேறாது அவ்விதழிலேயே முதன்முதல் வெளிவந்த ஏட்டுச் சுவடி ஒன்றின் சொல்லாகவும் இருக்கலாம். மூன்றற்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. 'செந்.' என்பது எங்கே காணலாம் என்று சொல்கிறது. எதனைக் காண்கிறோம் என்று சொல்லவில்லை. இதழ்க் கட்டுரையைச் சுட்டும் முறை பற்றிய ஆராய்ச்சி வெறும் எழுத்தர் வேலை அன்று என்பதற்கு இந்த ஒரு சுருக்கமே போதிய சான்று.

சுட்டும் வழக்கின் முன்வரலாறு

தமிழ் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுவதில் வள்ளல்கள். மூலம் சுட்டுவதில் அவ்வாறல்லர். 'என்றார் பிறரும்' என்பது அவர்க்குப் போதிய குறிப்பு. கேட்போர் பாட்டை நெஞ்சில் வைத்திருந்த காலத்தில் முதற்குறிப்பே முகவரியாயிற்று. அச்சு வந்தபின் இந்நிலை மாறியது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்ததைத் தொடர்ந்து, உரைகளில் வரும் மேற்கோள்களுக்கு நூற்பெயரும் பாட்டெண்ணும் தேடித் தருவது பதிப்பாசிரியரின் கடமைகளுள் ஒன்றாயிற்று. எனினும் இங்குச் சுட்டப்பட்டவை நூல்கள். பாட்டெண்ணோ நூற்பா எண்ணோ பதிப்புத்தோறும் பெரிதும் மாறுவதில்லை. இதழ்க் கட்டுரைக்கு அத்தகைய உள்ளெண் கிடையாது. அது வெளிவந்த தாளே அதன் முகவரி.

அறிவியற் பருவ இதழ்கள் 1665இல் பாரிசிலும் இலண்டனிலும் தோன்றின. இந்தியாவில் கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஏசியாடிக் ரிசர்ச்சஸ் 1788 முதலும், அக்கழகத்தின் ஜர்னல் 1832 முதலும், மெட்ராஸ் ஜர்னல் ஆவ் லிட்டரேச்சர் அண்டு சயன்ஸ் 1833 முதலும் வெளிவந்தன. ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்த செய்தி ஆசியக் கழக ஜர்னலின் 6, 7ஆம் தொகுதிகளில், 1837, 1838ஆம் ஆண்டுகளில், கட்டுரைகளாகவே வெளிவந்தது. நூலாக அன்று. கல்வெட்டியல், ஒப்பிலக்கணம், நாணயவியல் ஆகிய துறைகளில் இந்தியாவிற் பிறந்த புதுச்செய்திகள் பெரும்பாலும் இவ்வாறே இதழ்களில் முதலில் தலைகாட்டின. அவற்றைச் சுட்டத் தொகுதி, பக்கம் என்னும் இரண்டெண் முறை வழக்குக்கு வந்தது.

இம்முறை ஒழுங்காக வெளிவந்த இதழ்களுக்கு நன்கு பொருந்தியது. 1872இல் ஜேம்ஸ் பர்ஜெஸ் தொடங்கிய இந்தியன் ஆண்டிகுவெரி ஆண்டுக்கு ஒரு தொகுதியாக 1933 வரை, 62 தொகுதிகள், நடந்தது. தொகுதி எண்ணோடு 1871ஐக் கூட்டினால் ஆண்டு வந்துவிடும். எபிகிராபியா இண்டிகா அப்படிப்பட்டதன்று. அதன் தொகுதிகள் தாங்கி நிற்கும் ஆண்டுக்கும் அவை அச்சாகி வெளிவந்த ஆண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்ததுண்டு. ஒரு கல்வெட்டுப் பாடத்தை முதலில் வெளியிட்டவர் யார் என்ற வினா எழும்போது, தொகுதியின் பெயரளவு ஆண்டை மட்டும் குறித்த நூலடைவு தவறான தீர்ப்பை வழங்கிவிடும். இரண்டு ஆண்டுகளையும் குறிப்பதே முறை.

தொகுதியும் பகுதியும், துணரும் மலரும்

தமிழ் இதழ்களின் வரலாறு இவ்விடத்தில் தனிவழி செல்கிறது. செந்தமிழ் தன் ஆண்டுத் திரட்டைத் 'தொகுதி' என்றும், திங்கள்தோறும் வரும் வெளியீட்டைப் 'பகுதி' என்றும் வழங்கியது. இவை நேரான சொற்கள். அடுத்த கால் நூற்றாண்டிற்குள் தோன்றிய இதழ்கள் இந்நேர்மையோடு நிறைவடையவில்லை. திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் செந்தமிழ்ச் செல்வி 1923இல் தோன்றியது. செல்வி என்றபின் அவள் காலுக்கு அணி வேண்டும் அல்லவா? ஆண்டுத் திரட்டு 'சிலம்பு' ஆயிற்று. திங்கள் வெளியீடு அச்சிலம்பினுள் ஒலிக்கும் 'பரல்' ஆயிற்று. மாணிக்கப் பரலும் முத்துப் பரலும் வழக்கைத் தீர்த்த காப்பியத்தை அறிந்த வாசகர்க்கு இதன் நயத்தை விளக்க வேண்டியதில்லை. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925இல் தொடங்கிய தமிழ்ப் பொழில் தன் பெயருக்கேற்பத் 'துணர்' என்றும் 'மலர்' என்றும் எண்ணியது. பொழிலிற் பூங்கொத்து, கொத்தில் ஒரு பூ. பாரதிதாசனின் குயில் 'குரல்', 'இசை' என்று கூவியது. பெருஞ்சித்திரனார் 1959இல் தொடங்கிய தென்மொழி 'சுவடி', 'ஓலை' என்று பனையேட்டை நினைவூட்டியது.

இதனை வெறும் அலங்காரம் என்று தள்ளுதல் பொருந்தாது. தனித்தமிழ் உணர்ச்சி வளர்ந்த காலத்தில் 'வால்யூம்', 'நம்பர்', 'சஞ்சிகை' என்ற வேற்றுச் சொற்களுக்கு மாற்றுத் தேடியவர்கள் ஒரு பொதுச் சொல்லை ஆக்காமல், இதழின் பெயரிலிருந்தே உருவகமாக ஒரு சொல்லிணையை ஆக்கினர். மொழியியல் நோக்கில் இது கலைச்சொல்லாக்கத்தில் அரிதாகக் காணும் ஒரு போக்கு. கலைச்சொல் பல இடங்களுக்கும் பொதுவாக வேண்டும் என்பது இன்றைய கொள்கை. அவர்களோ ஒவ்வோர் இதழுக்கும் தனிச்சொல் வேண்டினர். சொல்லிணையைக் கண்ட அளவிலேயே இதழ் எது என்று தெரிந்துவிடும் என்பது இதன் பயன். 'சிலம்பு, பரல்' என்று மட்டும் எழுதி இதழ்ப்பெயரை விட்டுவிட்டாலும் ஆய்வாளர் செந்தமிழ்ச் செல்வியையே தேடிச் செல்வர்.

இடர் வேறோரிடத்தில் உள்ளது. தமிழ்ப் பொழிலில் 'மலர்' என்பது திங்கள் வெளியீடு. பிற இதழ்கள் பலவற்றில் 'மலர்' ஆண்டுத் திரட்டு. அதன் உட்பிரிவு 'இதழ்'. மலருக்குள் இதழ் இருப்பதால் அவ்வுருவகமும் தன்னளவிற் பிழையற்றதே. ஆனால் 'மலர் 7' என்று மட்டும் எழுதிய குறிப்பு, ஓரிதழில் ஏழாம் ஆண்டையும் மற்றோரிதழில் ஏழாம் திங்களையும் குறிக்கிறது. போதாக்குறைக்குத் தீபாவளி மலர், பொங்கல் மலர், வெள்ளி விழா மலர் என்று சிறப்பு வெளியீடும் மலரே. 'இதழ்' என்னும் சொல்லும் இவ்வாறே மூன்று வேலை பார்க்கிறது: பருவ வெளியீடு முழுவதற்கும் பெயர், அதன் ஒரு வெளியீட்டிற்குப் பெயர், பூவின் உறுப்புக்கும் பெயர். 'தொகுதி' என்பதோ தொகுப்பு நூலுக்கும் உரியது. நூலடைவு ஆக்குவோர் ஒருமைப்பாட்டை விரும்பி இவை எல்லாவற்றையும் 'தொகுதி, எண்' என்று மாற்றி எழுதுவதுண்டு. மாற்றும்போது துணர் தொகுதியாகவும் மலர் எண்ணாகவும் ஆக வேண்டியது, மலர் தொகுதியாகவும் துணர் மறைந்தும் போவதற்கு வாய்ப்பு மிகுதி. இதழ் தன்னை எவ்வாறு எண்ணியதோ அவ்வாறே சொல்லையும் சேர்த்து எழுதுவது ஒன்றே பாதுகாப்பானது. வரிசை ஒற்றுமைக்காகத் தடயத்தை அழிப்பது நூலடைவின் நோக்கத்திற்கு மாறானது.

எண்ணுருவும் கவனிக்கத் தக்கது. தமிழெண்களில் தொகுதியும் பக்கமும் அச்சிட்ட இதழ்களில் ௧ என்பது ககரமாகவும், ௨ என்பது உகரமாகவும், ௭ என்பது எகரமாகவும், ௮ என்பது அகரமாகவும் படிக்கப்பட்டுவிடும். பழைய முறையில் 23 என்பதை ௨௰௩ என எழுதுவர். புதிய இடமதிப்பு முறையில் ௨௩ என்பர். இரண்டு முறையும் அச்சிதழ்களில் வழங்கியிருக்கின்றன. பத்தைக் குறிக்கும் ௰ குறியை அறியாது படியெடுத்தவர் பக்க எண்ணைப் பிழைபடக் குறிப்பார்.

சுபகிருது எந்த ஆண்டு?

காலக்குறிப்பு இதனினும் சிக்கலானது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதித் தமிழ் இதழ்கள் பல தம் முகப்பில் அறுபதாண்டு வட்டத்தின் ஆண்டுப் பெயரையும் தமிழ்த் திங்களையும் தாங்கின. பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் தொடங்கியது என்னும் வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், சுபகிருது 1902இல் தொடங்குகிறது. நூலடைவு ஆக்குவோர் பலர் இவ்வளவோடு நின்று 'சுபகிருது = 1902' என்று எழுதிவிடுகின்றனர். சித்திரையில் தொடங்கும் ஆண்டின் தை, மாசி, பங்குனித் திங்கள்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுகின்றன. மார்கழி இரண்டாண்டுகளுக்கும் பொதுவாக நிற்கிறது. சுபகிருது தை என்பது 1903. ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கட்டுரைகள் இவ்வழியில் ஓராண்டு முந்தி விடுகின்றன. ஓராண்டு வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஒரே செய்தியை இரு அறிஞர் அடுத்தடுத்து வெளியிட்ட நிலையில், கடன் பெற்றவர் யார் என்பதை அவ்வோராண்டே முடிவு செய்கிறது.

வட்டம் திரும்பி வருவது மற்றோர் இடர். பார்த்திப என்பது 1885, 1945, 2005. வேறு சான்று இல்லாத உதிரித்தாள் ஒன்றில் 'பார்த்திப ஆண்டு ஆவணி' என்று மட்டும் இருந்தால், தாள், எழுத்துரு, எழுத்துச் சீர்மை, நடை ஆகியவற்றைக் கொண்டே காலத்தை உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. திருவள்ளுவர் ஆண்டைக் கையாண்ட இதழ்களில் இவ்வட்டச் சிக்கல் இல்லை. அவ்வாண்டிலிருந்து 31ஐக் கழித்தால் போதும். 2000ஆம் ஆண்டு 1969இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டரசு 1971 முதல் தன் நாட்குறிப்பிலும் 1972 முதல் அரசிதழிலும் இதனைப் பயன்படுத்தியது. ஆயினும் இவ்வாண்டு தைத் திங்களில் பிறப்பதால், ஆங்கில சனவரியின் முதல் இரு கிழமைகள் முந்திய ஆண்டைச் சேர்ந்தவை என்பதை மறத்தலாகாது.

இது தமிழுக்கு மட்டும் உரிய தொல்லையன்று. வங்கீய சாகித்திய பரிஷத்தின் பத்திரிகை வங்க ஆண்டைக் கொண்டது. அதன் முதல் ஆண்டாகிய 1301 என்பது 1894-95. காசி நாகரி பிரசாரிணி சபையின் பத்திரிகையில் விக்கிரம ஆண்டு வரும்; அதிலிருந்து திங்களுக்கேற்ப 57ஓ 56ஓ கழிக்க வேண்டும். மலையாள இதழ்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். இந்திய மொழிகள் பலவற்றிலிருந்து தரவு திரட்டும் ஒப்பாய்வாளர், ஒரே நூலடைவில் நான்கு காலக் கணக்குகளைச் சந்திக்கிறார். அச்சில் உள்ள ஆண்டை முதலிலும், கணித்த ஆங்கில ஆண்டைப் பகர அடைப்பிலும் குறிப்பதே தக்கது. கணிப்பு பிழையாயின் பின்வருவோர் திருத்திக்கொள்வர். மூலக்குறிப்பையே மாற்றிவிட்டால் திருத்துவதற்கு இடமில்லை.

நூலகத்தார் செய்த ஒரு நற்செயலும் இங்கே தீங்காய் முடிந்தது. திங்களிதழ்களைச் சேர்த்துக் கட்டடம் செய்யும்போது அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் நீக்கிவிடுதல் வழக்கமாயிருந்தது. ஆண்டும் திங்களும் அட்டையில் மட்டும் அச்சான இதழ்களில், கட்டடத் தொகுதிக்குத் தொடர் பக்க எண் உண்டு, காலம் இல்லை. ஆய்வேடுகளில் 'தொகுதி 9, பக்கம் 214' என்பது போன்ற குறிப்புகள் ஆண்டின்றி நிற்பதற்கு ஆய்வாளரின் சோம்பல் மட்டும் காரணமன்று. தாமே உண்டாக்காத ஓர் இடைவெளியை அவர்கள் வழிவழியாகப் பெற்றிருக்கின்றனர்.

பெயர் மாறிய இதழ், பெயர் மாறிய ஆசிரியர்

1902இல் ஞானசாகரம் என்னும் இதழைத் தொடங்கியவர் சுவாமி வேதாசலம். பின்னர் அவர் மறைமலையடிகள் ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. இரண்டும் ஒரே கொள்கையின் விளைவு. பிற்கால நூலடைவுகள் மதிப்பு உணர்வால் தொடக்க காலக் கட்டுரைகளையும் 'மறைமலையடிகள், அறிவுக்கடல்' என்று குறிக்கும்போது இரு பிழைகள் நேர்கின்றன. முதலாவது, அப்பெயரில் அவ்விதழைத் தேடுவோர் நூலகப் பட்டியலில் அதனைக் காணார். இரண்டாவது, தனித்தமிழ்க் கொள்கை உருவாவதற்கு முன்பே அதன் பெயர்கள் வழங்கியதாக ஒரு பொய்த்தோற்றம் உண்டாகிறது. சொல் வழக்காற்று வரலாறு எழுதுவோர்க்கு இது சிறு பிழையன்று. 'ஞானம்', 'சாகரம்' ஆகியவற்றை விட்டு 'அறிவு', 'கடல்' ஆகியவற்றுக்கு ஓர் எழுத்தாளர் எப்போது மாறினார் என்பதே அவர்கள் கேட்கும் வினா.

ஆசிரியர் பெயரைத் தலைகீழாக்கி எழுதும் மேலை முறையும் தமிழ்ப் பெயர்களுக்கு முழுதும் இயையவில்லை. குடும்பப் பெயர் இல்லாத மரபில் தலைகீழாக்க எதுவும் இல்லை. முன்னெழுத்து பின்னே போகிறது, அவ்வளவே. அம்முன்னெழுத்தை விட்டுவிட்டால் நேர்வது பெரிது. 'இராகவையங்கார், செந்தமிழ்' என்னும் குறிப்பு எவரைச் சுட்டுகிறது? மேற்கூறியபடி இருவரும் அவ்விதழின் ஆசிரியர்கள். இருவரும் அதில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர்கள். 'ரா.' என்பதும் 'மு.' என்பதும் இங்கே பெயரின் வால்கள் அல்ல, பெயரே அவைதாம். எஸ். வையாபுரிப் பிள்ளையைச் சிலர் ச. வையாபுரிப் பிள்ளை என எழுதுவதால் அகரவரிசையில் ஒருவர் இருவராவதும் உண்டு.

புனைபெயர்களைப் பற்றிப் பாரதியாய்வு தெளிவான பாடம் தருகிறது. சக்திதாசன், காளிதாசன் முதலிய பெயர்களில் சுதேசமித்திரன் போன்ற இதழ்களில் சிதறிக் கிடந்த எழுத்துகளைத் தேடி, நாட்குறிப்புடன் பெ. தூரன் 1953இல் 'பாரதி தமிழ்' என்று வெளியிட்டார். சீனி. விசுவநாதனின் காலவரிசைப் பதிப்பு அவ்வழியில் நெடுந்தூரம் சென்றது. நாளும் இதழும் குறிக்கப்பட்டதனாலேயே பாரதியின் உரைநடை மாற்றத்தை ஆண்டு ஆண்டாகக் காண முடிகிறது. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் வெளியிட்ட பதிப்பும் இத்தகையதே. மணிக்கொடி முதலிய இதழ்களில் கதைகள் முதலில் வந்த வடிவையும் காலத்தையும் அது காட்டுகிறது. அவற்றுள் எவை சொந்தப் படைப்பு, எவை தழுவல் என்னும் பழைய வழக்கில் மொழிபெயர்ப்பாய்வார் வாதிடுவதற்கு வேண்டிய முதற்சான்று இதழ்க் குறிப்பன்றி வேறில்லை.

தொடராக வெளிவந்து பின்னர் நூலாகியவை மற்றொரு வகை. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்து 1950இல் நூலாயிற்று. ஆசிரியர் 1942இல் மறைந்தார். நூலின் ஆண்டை மட்டும் குறித்தால் மறைந்து எட்டாண்டு கழித்து அவர் எழுதியதாகிறது. இலக்கிய இதழ்களுடன் பழைய நூல்களைத் தனிப்பக்க எண்ணிட்டுப் பகுதி பகுதியாக இணைத்து வெளியிட்டதும் உண்டு. அங்கு 'பக்கம் 16' என்பது இதழின் பக்கமா, இணைப்பின் பக்கமா என்று தெளிவுபடுத்தாத குறிப்பு வாசகரை வீணே அலைக்கழிக்கும்.

விதிகளின் வருகை

இன்று மொழியியலார் கையாளும் ஆசிரியர்-ஆண்டு முறையின் தொடக்கத்தை விலங்கியலாரிடம் காண்கின்றனர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்து எட்வர்டு லாரன்சு மார்க்கு 1881இல் தோட்ட நத்தையொன்றைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரையில் பெயரையும் ஆண்டையும் அடைப்பிற்குள் இட்டார். சிகாகோக் கையேடு 1906இலும், நவீன மொழிச் சங்கத்தின் நடைத்தாள் 1951இலும், பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 690 1975இலும் வந்தன. மொழியியல் இதழாசிரியர்கள் கூடி 2007இல் ஒரு பொது நடைத்தாளை வகுத்தனர். இந்தியாவில் இப்பணிக்கு வழிகாட்டியவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1934இல் வெளிவந்த அவரது பட்டியலாக்க விதித்தொகுப்பு, பருவ இதழ்கள் பெயர் மாறுவதையும் பிரிவதையும் இணைவதையும் நுணுகி ஆராய்கிறது. இந்தியத் தர நிறுவனம் 1963இல் நூலடைவுக் குறிப்புகளுக்கென ஐ.எஸ். 2381 என்னும் தரத்தை வெளியிட்டு 1978இல் திருத்தியது. தமிழ் ஆய்வேடுகளில் அது பின்பற்றப்பட்ட சுவடு அரிதே. துறைதோறும், நெறியாளர்தோறும் ஒரு முறை என்பதே நடைமுறை.

ஆசிரியர்-ஆண்டு முறை இடத்தைச் சேமிக்கிறது; கருத்து வளர்ச்சியை ஆண்டுகளாற் காட்டுகிறது. ஆனால் ஆண்டு பிழைத்தால் வரலாறே பிழைக்கிறது. இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் கண்ட எமனோவின் கட்டுரை லேங்குவேஜ் இதழின் 32ஆம் தொகுதியில் 3 முதல் 16 வரையுள்ள பக்கங்களில் 1956இல் வந்தது. கைப்பரின் கட்டுரை இந்தோ-இரானியன் ஜர்னலின் 10ஆம் தொகுதியில் 1967இல் வந்தது. எமனோவின் கட்டுரை 1980இல் வெளிவந்த அவருடைய தொகுப்பு நூலிலும் உள்ளது; கைக்கு எளிதாகக் கிடைப்பதும் அதுவே. அதனைப் பார்த்து 'எமனோ 1980' என்று எழுதிய மாணவர் நூலடைவில், முன்னோடி பின்னோடியாகிறார். மறுபதிப்பைப் பயன்படுத்தியதை மறைக்க வேண்டியதில்லை. பக்க எண் அதிலிருந்தே தரப்படலாம். 1956 என்னும் ஆண்டு முன்னிற்க வேண்டும்.

நூலுக்குத் தரும் இடத்தைக் கட்டுரைக்குத் தராமை தமிழாய்வின் கருவி நூல்களிலும் புலப்படுகிறது. தனிநாயக அடிகள் 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்ட தமிழாய்வு வழிகாட்டியின் தலைப்பிலேயே 'நூல்கள்' என்னும் வரம்பு இடம்பெற்றுள்ளது. இத்தனைக்கும் அவர் 1952இல் தமிழ் கல்ச்சர் என்னும் ஆய்விதழைத் தோற்றுவித்தவர். திராவிட மொழியியலுக்கு நிலை சற்று மேம்பட்டது. ஆந்திரனோவ் தொகுத்த நூலடைவுக் குறிப்புகள் 1964இல் அந்தத் தமிழ் கல்ச்சரிலேயே வெளிவந்தன, ச. அகத்தியலிங்கமும் சு. சக்திவேலும் தொகுத்த நூலடைவை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1973இல் வெளியிட்டது. இத்தகைய அடைவுகள் இல்லாதிருந்தால் எல். வி. இராமசாமி ஐயரின் பணி இன்று பாதி மறைந்திருக்கும். 1920களின் பிற்பகுதி முதல் அவர் எழுதிய திராவிட ஒலியியல், உருபனியல் கட்டுரைகள் இந்தியன் ஆண்டிகுவெரியிலும், பெங்களூர் மிதிக் சொசைட்டியின் காலாண்டிதழிலும், சென்னைக் கீழைக்கலை ஆய்விதழிலும், கொச்சி இராமவர்ம ஆராய்ச்சி நிறுவன வெளியீட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. அவருடைய சந்தியாராய்ச்சி ஒரே தொடராகப் பல வெளியீடுகளில் பரந்து செல்வது. அதனை முதற்பகுதியின் பக்கங்களோடு மட்டும் சுட்டுவோர், தொடரின் எஞ்சிய பகுதிகளைப் பின்வருவோர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றனர்.

மொழிபெயர்ப்பாளர் கையில்

தமிழ்க் கட்டுரையை ஆங்கிலத்திலோ பிற இந்திய மொழியிலோ சுட்டும்போது புதியதொரு வினா எழுகிறது. சிலம்பையும் பரலையும் என் செய்வது? மொழிபெயர்த்தால் ஆங்கில வாசகர் நூலகத்திற்குச் சென்று பத்தாவது காலணியின் மூன்றாம் கூழாங்கல்லைக் கேட்க நேரிடும். பொதுச் சொல்லாக மாற்றினால் தமிழ்ப் பட்டியலில் தேடுவோர்க்குத் தடயம் அறும். எழுத்துப்பெயர்ப்பாக மட்டும் தந்தால் பிறமொழியார் அதனைக் கட்டுரைத் தலைப்பின் பகுதி எனக் கருதவும் கூடும். எழுத்துப்பெயர்ப்பை முதலில் தந்து, பொதுச் சொல்லை அடைப்பிலிடுவதே மூன்றனுள் இழப்புக் குறைந்தது. எழுத்துப்பெயர்ப்பிலும் லெக்சிகன் முறை ஒன்றே கையாளப்பட வேண்டும். செந்தமிழ் என்னும் பெயர் உரோமன் எழுத்தில் சகரமாகவும் ஸகரமாகவும், ழகரம் மூன்று வேறு உருவிலும் எழுதப்படுவதால், ஓரிதழ் பல இதழாக அடைவுகளில் சிதறுகிறது. கட்டுரைத் தலைப்பை மொழிபெயர்த்துத் தரலாம், தரவும் வேண்டும். மூலத்தலைப்பை நீக்கிவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் தருதல் கூடாது. அவ்வாறு செய்தால், அக்கட்டுரை ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டதென்று வாசகர் மயங்குவர்.

கிடைக்கும் இடத்தையும் குறிக்கும் வழக்கம் தமிழ் இதழ்களைப் பொறுத்தவரை மிகையன்று. நூல்களை ஒப்படைக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் 1956இல் செய்தித்தாள்களையும் பருவ இதழ்களையும் தழுவியது. அதற்கு முற்பட்ட இதழ்களின் முழு வரிசை ஒரே நூலகத்தில் இருப்பது அருமை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகத் திரட்டிய தொகுப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இலங்கை இதழ்களை நூலகம் திட்டம் 2005 முதல் மின்னுருவாக்கி வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய இதழ்கள் பலவற்றின் உருப்படிவங்களைத் தருகிறது. ஒரு தொகுதியின் ஒரு படி மட்டும் எஞ்சியிருக்கும் நிலையில் அது எங்குள்ளது என்பது குறிப்பின் ஒரு பகுதியே.

மின்னுருவங்களைப் பயன்படுத்துவோர் கோப்பின் பட எண்ணையே பக்க எண்ணாக எழுதிவிடுகின்றனர். முகப்பு, பொருளடக்கம், விளம்பரம் ஆகியவையும் படமாகியிருப்பதால் இரண்டும் ஒன்றாவதில்லை. அட்டை நீக்கிய கட்டடத்திலிருந்து எடுத்த படத்திலும் முழு இதழிலிருந்து எடுத்த படத்திலும் வேறுபாடு வேறுவேறாகவே இருக்கும். அச்சான பக்க எண்ணையே தர வேண்டும். பார்த்த படியில் அட்டை இல்லையாயின் 'அட்டையற்ற படி' என்று குறித்து, ஆண்டு எவ்வழியிற் கணிக்கப்பட்டது என்பதையும் அதனுடன் சேர்க்க வேண்டும்.